மூன்று வெட்டு மரம்

டங்கர் மில், இண்டியானா
28 அக்டோபர் 1975

அன்புள்ள வெர்லீன் அக்கா,

இந்த அகால நேரத்தில் எழுதுகிறேன், மன்னித்துக்கொள். ட்ரூடி தூங்கினால்தான் என் கை எனக்குச் சொந்தம். மூன்று வயசுப் பிள்ளை பதினொன்றரை மணிவரை கொட்டக்கொட்ட விழித்துக்கொண்டிருந்தால் நான் எப்போது எழுதுவது? எழுத்து கோணலாகப் போனால் பொறுத்துக்கொள். உனக்கு உடம்பு எப்படி இருக்கிறது? ஹார்லனுக்கு முதுகுவலி தேவலையா?

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் வெடித்துவிடுவேன். ஹாலிஸ் தடம் நம் காட்டுக்குள் போகிறது அக்கா! 1818-ல் ஆற்றைக் கடந்து மாட்டுவண்டியோடு வந்தவர்கள் கோடரியால் வெட்டிக்கொண்டே போன அதே தடம்.

அடுத்த வருஷம் நாட்டுக்கு இருநூறு வயசு என்று ஊருக்கு ஊர் கமிட்டி போடுகிறார்கள். நம் ஊரிலும் போட்டாயிற்று. வங்கியில் மேனேஜராக இருந்து ஓய்வுபெற்ற பெம்பர்ட்டன்தான் தலைவர். மே 15, சனிக்கிழமை, ஆற்றுத்துறையிலிருந்து தேவாலயம்வரை பதினாலு மைல், அந்தத் தடத்திலேயே நடக்கப் போகிறோம். பதிமூன்று மைல் கிடைத்துவிட்டது. நடுவில் ஒரு மைல் காணவில்லை. அது அப்பாவின் நாற்பது ஏக்கருக்குள், ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. கோர்ட் ஆவணத்தில் நானே கண்டுபிடித்துக் கையால் பிரதி எடுத்தேன்: “மேட்டில் சாம்பல்பட்டைக் காட்டு பீச் மரம், மார்பளவு உயரத்தில் மூன்று வெட்டு. தடம் அங்கே கிழக்கே திரும்புகிறது.” காலேஜில் சரித்திரம் படித்து என்னத்தைக் கிழித்தாய் என்று கேட்பாயே, இதைத்தான் கிழித்தேன்.

அந்த மரம் கிடைக்காவிட்டால் அந்த ஒரு மைலை மட்டும் நெடுஞ்சாலையில் நடக்க வைத்துவிடுவார்கள். கல் லாரிகள் பறக்கிற ரோட்டில் ட்ரூடியை நான் எப்படிக் கூட்டிப் போவேன்?

நீ என்னைவிடப் பதினோரு வயசு மூத்தவள். அந்தக் காட்டில் பிறந்து அந்தக் காட்டில் வளர்ந்தவள். அப்பாவும் அம்மாவும் போன பிறகு உன்னைத்தான் கேட்க முடியும்: மரம் எங்கே இருக்கிறது, சொல்லு.

வெண்டலின் விசாரிப்புகள். ட்ரூடியின் முத்தம்.
உன் தங்கை, ஆர்டித்

*

காட்டேஜ் க்ரோவ், ஓரிகன்
20 நவம்பர் 1975

அன்புள்ள ஆர்டித்,

கடிதம் கிடைத்தது. நாங்கள் நலம். இங்கே பதினெட்டு நாளாக மழை. ஹார்லன் முதுகில் சூடு ஒத்தடம் கொடுத்துக்கொண்டே மரமில்லுக்குப் போய்வருகிறார். சொன்னால் கேட்கிற ஜென்மமா?

குழந்தைக்கு இரவில் இருமல் இருந்தால் தலையணையைக் கொஞ்சம் உயர்த்தி வை. பெர்சிமன் புட்டிங்குக்கு அம்மா எவ்வளவு மோர் விடுவாள் என்று போன வருஷம் கேட்டிருந்தாய்: இரண்டு கப் பழக்கூழுக்கு ஒரு கப் மோர். பனி விழுந்த பிறகு உதிர்கிற பழமாக எடு. முன்னாலேயே பறித்துவிட்டு வாய் துவர்க்கிறது என்று என்மேல் பழி போடாதே.

வெண்டல் பால் லாரியை இன்னும் அதே வேகத்தில்தான் ஓட்டுகிறானா? மெதுவாகப் போகச் சொல்.

கமிட்டி வேலையில் உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

அன்புடன், வெர்லீன்

*

டங்கர் மில்
7 டிசம்பர் 1975

அன்புள்ள அக்கா,

இங்கே எல்லோரும் சுகம். நீங்கள் இருவரும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். மோர் அளவுக்கு நன்றி. ஆனால் நான் கேட்ட மரத்தை விட்டுவிட்டாய்! பக்கம் பக்கமாகத் திருப்பிப் பார்த்தேன், கவரைக்கூட உதறிப் பார்த்தேன்.

போன சனிக்கிழமை முதல் தேடல். ஒன்பது பேர். பெம்பர்ட்டன் கழுத்தில் பைனாகுலர், பின்னால் ஏணி தூக்க இரண்டு பேர். ஏணி எதற்கு என்று கேட்டேன். “நூற்றைம்பது வருஷத்துல மரம் வளர்ந்திருக்கும் இல்லையாம்மா? அப்ப மார்பளவுல போட்ட வெட்டு இப்ப நாப்பதடி உயரத்துல இருக்கும். கணக்கு போட்டுப் பாரு” என்றார். நாங்களும் கணக்குப் போட்டு, மூன்று மணி நேரம் அண்ணாந்துகொண்டே நடந்தோம். தபால் நிலைய ஆல்மா முள்ளுப்புதரில் விழுந்தாள். எனக்கு இன்னும் கழுத்து திரும்பவில்லை.

பால் வண்டியை நிறுத்திவிட்டு வந்த என் அருமைப் புருஷன் வெண்டல் வேலியில் சாய்ந்துகொண்டு சிரித்தான். “சார், நாப்பதாம் வருஷம் இவங்கப்பா அந்த வால்நட் மரத்துல அடிச்ச வேலிக்கம்பி இன்னும் என் இடுப்புக்குத்தான் நிக்குது. மரம் தூக்கிட்டுப் போகும்னா, என் மாடெல்லாம் இந்நேரம் கம்பிக்கு அடியில குனியாமலே வெளிய போயிருக்கும்.”

“வேலி வேற தம்பி, வரலாறு வேற” என்றார் பெம்பர்ட்டன்.

நானும் படித்தவள்தானே, மரம் உச்சியில்தான் வளரும் என்று தெரியாதா? ஆனாலும் எல்லோரோடும் சேர்ந்து அண்ணாந்தேன். வெண்டல் அதைச் சொல்லிச் சொல்லியே கிறிஸ்துமஸ்வரை ஓட்டுவான்.

ட்ரூடி கேட்கிறாள், “அம்மா, ரோடு எங்க ஒளிஞ்சிருக்கு?” உன்னைத்தான் கேட்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். மூன்று வெட்டு மரம், அக்கா. ஒரே ஒரு வரி போதும்.

கிறிஸ்துமஸ் வாழ்த்துகளுடன்,
ஆர்டித்

*

காட்டேஜ் க்ரோவ்
18 ஜனவரி 1976

அன்புள்ள ஆர்டித்,

நலம், நலமறிய ஆவல். பதில் தாமதமாகிவிட்டது. ஜனவரியில் எனக்கு எழுத வராது.

அந்தக் காட்டில் தடம் ஒன்றும் இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. ஓடைக்கு அந்தப் பக்கம் புதரும் பாம்பும்தான். குழந்தையை அங்கே கூட்டிப் போகாதே. பதினாலு மைலில் ஒரு மைல் ரோட்டில் நடந்தால் குடி முழுகாது. போலீஸை நிறுத்தி லாரியை மறிக்கச் சொல்லுங்கள்.

ட்ரூடிக்குப் பின்னிய குல்லா தனியாக அனுப்பியிருக்கிறேன். சிவப்பு. காட்டில் போட்டால் வேட்டைக்காரன் கண்ணுக்குத் தெரியும். காட்டுக்குப் போகவே வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

அன்புடன், வெர்லீன்

*

டங்கர் மில்
22 பிப்ரவரி 1976

அன்புள்ள அக்கா,

குல்லா வந்தது, கச்சிதம். தூங்கும்போதும் கழற்றமாட்டேன் என்கிறாள். உங்கள் இருவர் உடம்பும் எப்படி? எனக்குத்தான் வயிறு சரியில்லை, காலையில் ஒன்றும் தங்குவதில்லை. குளிர்தான் காரணமாக இருக்கும்.

அக்கா, நேற்றுக் கூட்டத்தில் நான் ஒரு காரியம் செய்துவிட்டேன். பெம்பர்ட்டன் எழுந்து, “அந்த ஒரு மைலை நெடுஞ்சாலைன்னே போட்டு மேப்பை அச்சுக்குக் கொடுத்துடலாம்” என்றார். எல்லோரும் கை தூக்கப் போனார்கள். நான் எழுந்து நின்றேன். “அது எங்கப்பா காடு. மரம் அங்கதான் இருக்கு. நான் கண்டுபிடிச்சுக் கொடுப்பேன்” என்றேன். முழு ஊருக்கும் முன்னால்! ஏப்ரல் 20 வரை தவணை கொடுத்திருக்கிறார்கள். கிடைக்காவிட்டால் நெடுஞ்சாலை. நான் இனி தேவாலயத்தில் எந்த முகத்தோடு உட்காருவது?

எனக்கு ஒன்று புரியவில்லை. சின்ன வயசில் வால்நட் பொறுக்க நீதான் என்னைக் கூட்டிப் போவாய். எப்போதும் ஓடைவரை வந்து திரும்பிவிடுவாய். நான் தாண்டினால் அப்பா கத்துவார், அந்தப் பக்கம் பாம்பு என்று. அப்பா சொன்ன கதைகளில் எதைத்தான் நம்புவது? என் நீலக் கோலிக்குண்டுப் பையை நாய் கவ்விக்கொண்டு போனது என்று சத்தியம் செய்தவர் அவர்!

நீ ஓடையைத் தாண்டியதே இல்லையா?

பதிலை எதிர்பார்த்து,
ஆர்டித்

*

காட்டேஜ் க்ரோவ்
21 மார்ச் 1976

அன்புள்ள ஆர்டித்,

நாங்கள் சுகம். உன் கடிதம் ஒரு மாதமாக மேஜைமேல் இருக்கிறது. இரண்டு முறை எழுதிக் கிழித்துப்போட்டேன்.

காலையில் வயிறு சரியில்லை என்றால், படுக்கையை விட்டு எழும் முன் இரண்டு உப்பு பிஸ்கட் தின்றுவிட்டு எழுந்திரு. குளிர்தான் காரணம் என்று எழுதியிருக்கிறாய். சரி. நான் ஒன்றும் கேட்கவில்லை.

நீயும் ஓடைக்கு அந்தப் பக்கத்தைத் தவிர வேறு எதை வேண்டுமானாலும் கேள்.

அன்புடன், வெர்லீன்

*

டங்கர் மில்
4 ஏப்ரல் 1976

அன்புள்ள அக்கா,

நீ சுகமா? இன்று இதைக் கடமைக்காகக் கேட்கவில்லை.

மரம் கிடைத்துவிட்டது.

நேற்று வெண்டலும் நானும் மட்டும் போனோம், ட்ரூடி அவன் தோளில். ஓடையில் முழங்கால் அளவுதான் தண்ணீர். “இன்னிக்கு எவளாவது மேல பாத்தீங்க, தண்ணியில தள்ளிடுவேன்” என்றான். சிரித்துக்கொண்டேதான் தாண்டினோம். மேட்டில் ஏறினால், தரை லேசாகக் குழிந்து, ஒரு வண்டி அகலத்துக்கு, மரங்களுக்கு நடுவே வளைந்து போகிறது! சக்கரம் தேய்த்த பள்ளம் அக்கா, நூற்றைம்பது வருஷ இலை அதற்குள் நிறைந்து கிடக்கிறது. நான் அதில் இறங்கி ஓடினேன். கத்திக்கொண்டே ஓடினேன். வெண்டல் “ஏய் ஆர்டி, ஓடாத, ஓடாதடி” என்று பின்னாலேயே வருகிறான். வளைவில் ஒரு கிழட்டு பீச் மரம். என் மோவாய் உயரத்தில் மூன்று வெட்டு, மரம் பருத்ததில் அகன்று அகன்று, மூன்று புருவம் மாதிரி. விரலை உள்ளே விட்டுப் பார்த்தேன். அழுதேவிட்டேன், சந்தோஷத்தில்.

அப்புறம்தான் கீழே பார்த்தேன். அடிமரத்தைச் சுற்றிப் பெரிவிங்கிள் கொடி, பூத்து நீலமாக. வீடே இல்லாத காட்டில் அந்தக் கொடி படர்ந்திருந்தால் கீழே யார் இருக்கிறார்கள் என்று நம் ஊரில் குழந்தைக்கும் தெரியும். வழியில் செத்தவர்களுக்கு நட்ட காட்டுக் கற்கள், பேர் இல்லாமல், பதினொன்று. ட்ரூடி குனிந்து பூப்பறித்தவள், “அம்மா, குண்டு!” என்றாள்.

பன்னிரண்டாவது கல் காட்டுக் கல் இல்லை. ரொட்டி அச்சில் வார்த்த சிமெண்டு. அதில் பதித்து, ஜே என்ற எழுத்து, நீலக் கோலிக்குண்டுகளால். கீழே ஆணியால் கீறி 1959.

என் குண்டுகள் அக்கா. ஒன்றில் ஓரம் உடைந்திருக்கும், நான் படியில் போட்டது. அதுவும் இருந்தது.

வெண்டல் தொப்பியைக் கழற்றினான். “நான் ஒண்ணும் பாக்கல ஆர்டி. நீ சொல்ற வரைக்கும் பாக்கல” என்றான்.

அந்தக் குளிர்காலத்தில் எனக்குத் தட்டம்மை என்று பக்கத்து வீட்டில் விட்டிருந்தீர்கள். போகும்போது நீ நிறைமாத வயிறும் முழியுமாக வாசலில் நின்று கையாட்டினாய். எனக்கு எட்டு வயசு.

நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன், நீ சொன்னால் ஒழிய. இருபதாம் தேதி “கிடைக்கவில்லை” என்று எழுந்து சொல்லிவிடுகிறேன். பெம்பர்ட்டன் ஜெயித்துவிட்டுப் போகட்டும்.

உன் ஆர்டித்

*

டங்கர் மில்
11 ஏப்ரல் 1976

அன்புள்ள அக்கா,

சுகம்தானே? பதில் இல்லை. என்மேல் கோபமா? நான் கேட்காமல் இருந்திருக்கலாம். தினமும் தபால் பெட்டிக்கு மூன்று முறை நடக்கிறேன். ஆல்மா, “யாருக்குடி காத்திருக்க, காதலனுக்கா?” என்கிறாள்.

ஒரு வெற்றுத்தாளாவது கவரில் போட்டு அனுப்பு.

ஆர்டித்

*

காட்டேஜ் க்ரோவ்
12 ஏப்ரல் 1976

அன்புள்ள ஆர்டி,

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் கடிதத்தை ஹார்லன்தான் முதலில் படித்தார். படித்துவிட்டு வெளியே போய் விறகு பிளந்தார், ஒரு மாதத்துக்கு வேண்டிய விறகு.

அவள் பெயர் ஜெனெட். இரண்டு நாள் இருந்தாள். அந்த ஜனவரியில் பனி உருகி, மேலே மூன்று நாள் மழையும் பெய்து, ஆற்றுப் பாலத்துக்கு மேல் தண்ணீர் போனது. டாக்டர் இந்தப் பக்கம் வர முடியவில்லை. பிறகு நாங்களும் கல்லறைத் தோட்டத்துக்கு அந்தப் பக்கம் போக முடியவில்லை. அப்பா செர்ரிப் பலகையில் பெட்டி செய்தார். பெட்டியை மாட்டின்மேல் வைத்து ஓடையைத் தாண்டி அவரும் ஹார்லனும் போனார்கள். எனக்கு எழ முடியவில்லை. திரும்பி வந்து அப்பா சொன்னார்: “அங்க இருக்கிறவங்க எல்லாரும் வழியில இறக்கி வச்சவங்கதாம்மா. இவ தனியா இருக்கமாட்டா.”

கோடையில் அப்பா கல் வார்த்தார். சாம்பல் நிறத்தில் இருந்தது, எனக்குப் பொறுக்கவில்லை. உன் பையிலிருந்து குண்டுகளை எடுத்தது நான். அப்பா இல்லை. நாய் மேல் பழி போட்டது மட்டும்தான் அவர். நீ அந்த நாயை ஒரு வாரம் திட்டினாய்.

தட்டம்மை தீர்ந்து வந்ததும் “பாப்பா எங்க?” என்று கேட்டாய். அம்மா, “வரல” என்றாள். நீ மறுபடி கேட்கவே இல்லை. எட்டு வயசுப் பிள்ளைக்கு எப்படித் தெரிந்ததோ, கேட்கக்கூடாது என்று. அந்த வீட்டில் எந்த ஜன்னலைத் திறந்தாலும் அந்த மேடு தெரிந்தது. அதனால்தான் ஓரிகனுக்குக் கிளம்பினோம். உன்னைப் பிடிக்காமல் இல்லை.

தடத்தில் நடக்கப் போகிறோம் என்று நீ எழுதியதும், நூறு பேர் பூட்ஸ் போட்டுக்கொண்டு வருவார்களே என்று எனக்கு உயிரே போனது. மிதித்துவிடுவார்களே. அதனால் மறைத்தேன். ஹார்லன் விறகைப் போட்டுவிட்டு வந்து ஒன்றே ஒன்று சொன்னார்: “தெரியாதவன்தான் வெர்லீன் மிதிப்பான்.”

சொல்லிவிடு ஆர்டி. பெயரையும் சொல்லு. பாதை அந்த வழியாகவே போகட்டும்.

வெர்லீன்

*

டங்கர் மில்
25 ஏப்ரல் 1976

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் பதினேழாம் தேதி சனிக்கிழமை வந்தது. அன்றிலிருந்து அதை ஏப்ரன் பையிலேயே வைத்திருக்கிறேன். உன் உடம்பையும் ஹார்லன் முதுகையும் பார்த்துக்கொள், இனி அவரை அவ்வளவு விறகு பிளக்க விடாதே.

இருபதாம் தேதி கூட்டத்தில் எழுந்தேன். “மரம் கிடைச்சிருக்கு” என்றதும் ஒரே கைதட்டல். ஆல்மா விசில் அடித்தாள்! “அங்க பன்னிரண்டு பேர் இருக்காங்க. கடைசி ஆள் பேரு ஜெனெட். எங்கக்கா மக” என்றேன். கைதட்டல் நின்றது. பெம்பர்ட்டன் எழுந்து நின்றார், எதிர்ப்பேச்சுக்கு என்று நினைத்தேன். தொப்பியைக் கழற்றினார். “தேவதாருக் கம்பம் என்கிட்ட இருக்கு. வேலி நான் போட்டுத் தரேன்மா” என்றார்.

மறுநாள் அவரே குழி தோண்டினார், எழுபத்தொரு வயசில். நடுவில் மரத்தை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு வெண்டலிடம், “இந்த மரம் மட்டும் ஏனோ வளரல போலிருக்கு” என்றார். வெண்டல் வாயைப் பொத்திக்கொண்டு ஓடைப்பக்கம் ஓடிவிட்டான்.

மேப் அச்சாகி வந்துவிட்டது. பதினாலு மைலும் காடுதான்! நம் ஒரு மைலில் ஒரு சின்ன மரம் வரைந்து மூன்று கோடு போட்டிருக்கிறார்கள். அந்த வளைவில் எல்லோரும் ஒற்றை வரிசையில், பேசாமல் போவது என்று முடிவு. பிறகு மேட்டின் அந்தப் பக்கம் உட்கார்ந்து சாப்பாடு, பீன்ஸும் சோள ரொட்டியும் நூற்றிருபது பேருக்கு. எனக்குத் தலை சுற்றுகிறது. தூக்கத்திலும் நடந்துகொண்டிருக்கிறேன்.

இப்போது நான் மறைத்ததைச் சொல்லவேண்டும். நீ பிஸ்கட் தின்னச் சொன்னபோதே உனக்குத் தெரிந்திருக்கும். செப்டம்பரில் பிரசவம். டிசம்பர் கடைசியிலிருந்தே சந்தேகம், ஜனவரியில் நிச்சயமாகத் தெரியும். உனக்கு எழுதக் கை வரவில்லை. ட்ரூடி பிறந்தபோது நீ தந்தி மட்டும் கொடுத்தாய், வரவில்லை. நான் அதைத் தப்பாக எடுத்துக்கொண்டேன். இப்போது எல்லாவற்றுக்கும் பயமாக இருக்கிறது அக்கா. பாலத்தைப் பார்த்தால் பயம், மழை வந்தால் பயம். இதை வெண்டலிடம் சொன்னால் ஜோக் அடிப்பான். உன்னிடம்தான் சொல்ல முடியும்.

நடைக்கு வா. பதினாலு மைல் நடக்க வேண்டாம். ஓடையிலிருந்து மரம்வரை போதும், நாம் இருவரும் சேர்ந்து. ட்ரூடி சிவப்புக் குல்லாவோடு முன்னால் போவாள், ரோடு எங்கே ஒளிந்திருந்தது என்று அவளே உனக்குக் காட்டுவாளாம். நீ வராவிட்டால் நான் ஊரோடு ஓடைவரை நடந்து, அங்கேயே திரும்பிவிடுவேன், நீ வால்நட் கூடையோடு திரும்புவாயே, அது மாதிரி. அந்த ஒரு மைலை நீ இல்லாமல் தாண்டமாட்டேன்.

இண்டியானாபொலிஸ் விமான நிலையத்துக்கு வெண்டல் வருவான். கார் கிளம்பாவிட்டால் பால் லாரியில் வருவான், வெட்கப்படாமல் ஏறிக்கொள். உன் பழைய அறையில் திரையை மாற்றிவிட்டேன். ஜன்னலைத் திறப்பதும் மூடுவதும் உன் இஷ்டம்.

ஹார்லனுக்கு அன்பு. வரும் நாளும் நேரமும் மட்டும் எழுதினால் போதும். சீக்கிரம் பதில் போடு, அக்கா.

உன் ஆர்டி